முப்பத்தொரு இரவு, முப்பத்தொரு மதிப்பெண்

அக்டோபர் 3-ஆம் தேதி பார்த்து 8 மதிப்பெண் போட்ட பேய்ப்படத்தையே 27-ஆம் தேதி பார்த்திருந்தால் 6-தான் விழுந்திருக்கும். படம் அதேதான், பார்ப்பவரின் உடம்புதான் மாறிவிட்டது. திடுக்கிடல் பழகப் பழகக் குறையும் அனிச்சை. இருபது படங்களில் கதவு அறையும் சத்தத்துக்குத் துள்ளியவர், இருபத்தோராவது படத்தில் கதவைக் கண்டதுமே தயாராகிவிடுகிறார். அக்டோபர் 31-ஆம் தேதி வரும் பேய்த் திருவிழாவான ஹாலோவீனை ஒட்டி அக்டோபர் முழுக்க நாளுக்கு ஒரு திகில் படம் பார்த்து மதிப்பெண் போடும் பழக்கம் அமெரிக்காவில் நன்றாக வேர்விட்டது. பார்த்த படங்களைப் பதிந்து மதிப்பெண் போடும் தளமான லெட்டர்பாக்ஸ்டில், திகில் பட இயக்குநர் டோப் ஹூப்பர் பெயரால் ‘ஹூப்டோபர்’ என்றே ஒரு சவால் நடக்கிறது. பார்ப்பது எளிது. மாதக் கடைசியில் 31 மதிப்பெண்களும் ஒன்றோடொன்று ஒப்பிடத் தகுந்தவையாக இருக்க வேண்டும் என்றால் செப்டம்பரிலேயே வேலையைத் தொடங்க வேண்டும்.

முதலில் நேரக் கணக்கு. 2026-ல் அக்டோபர் 1 வியாழக்கிழமை, 31 சனிக்கிழமை. ஐந்து சனி, நான்கு ஞாயிறு போக வேலை நாள் 22. வேலை நாளுக்கு 85 நிமிடம், விடுமுறை நாளுக்கு 115 நிமிடம் என்று வைத்தால் மொத்தம் 2,905 நிமிடம், அதாவது 48 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். பட்டியல் பாதியில் அறுந்துபோவது பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில்தான். செவ்வாய், புதன், வியாழன் என்று வரிசையாக இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட படங்களை வைத்திருப்பார்கள். ஒன்று தவறும், மறுநாள் இரண்டு பார்க்க வேண்டிவரும், அதுவும் தவறும். இதற்கு மருந்து பழைய படங்கள். ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ (1931) 70 நிமிடம். ‘பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ (1935) 75. ‘கேட் பீப்பிள்’ (1942) 73. ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ (1962) 78. 1999-இல் வந்த ‘பிளேர் விட்ச் பிராஜெக்ட்’கூட 81-தான். ஒரு வேலை வாரம் முழுவதையும் இந்த ஐந்தைக் கொண்டே ஓட்டிவிடலாம். ஜப்பானின் ‘க்வைதான்’ (1964) 183 நிமிடம் ஓடும். ஆனால் அது தனித்தனியான நான்கு கதைகள், இரண்டு இரவாகப் பிரித்துப் பார்த்தாலும் படத்துக்குச் சேதமில்லை. மற்ற நீளப் படங்களை அப்படி வெட்டாதீர்கள். பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால், அதுவரை சேர்ந்த பயம் முழுக்க வடிந்துபோகும். பட்டியலில் 40 படம் எழுதி 31 பாருங்கள். மீதி ஒன்பதும் 90 நிமிடத்துக்குள் அடங்கும் மாற்றுப் படங்களாக இருக்கட்டும்.

வகை பிரிக்க நமக்குக் கையிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் களன் நான்கு என்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. திகில் படங்களை இந்த நான்கில் அடுக்கிப் பாருங்கள், வியப்பாக இருக்கும். பேய், ஆவி, சாபம் எல்லாம் அணங்கு. சுறா, ஓநாய் மனிதன், வேற்றுக்கிரக உயிரி எல்லாம் விலங்கு. கத்தியோடு வீட்டுக்குள் நுழைபவன் கள்வர். தப்பிக்க முடியாத அதிகாரம், அதாவது ஊரையே பிடித்து வைத்திருக்கும் மதக்குழுவும் குடும்பத்தை ஆட்டிவைக்கும் தலைவனும், இறை. யோசிக்காமல் பட்டியல் போட்டால் இருபதுக்கு மேல் அணங்காகவே வந்து நிற்கும், மூன்றாவது வாரத்தில் எல்லா வீடும் ஒரே வீடாகத் தெரியும். 12 அணங்கு, 8 கள்வர், 6 விலங்கு, 5 இறை என்ற கலவை நன்றாக வேலை செய்கிறது. ஒரே களன் அடுத்தடுத்த நாள் வரக் கூடாது. ஒரு படத்தையும் அதன் இரண்டாம் பாகத்தையும் ஒட்டி வைக்கக் கூடாது. இரண்டாவதற்கு முதலாவதன் நிழலில்தான் மதிப்பெண் விழும். சப்டைட்டில் படங்களும் மௌனப் படங்களும் இரவு பத்து மணிக்கு மேல் வேண்டாம். கண் அசந்த ஐந்து நிமிடத்துக்கான தண்டனையைப் படம் வாங்கிக்கொள்ளும்.

அடுத்தது பிரதி. மதிப்பெண் தவறிப்போக இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை. ஜெர்மானிய இயக்குநர் முர்னாவின் மௌனப் படமான ‘நோஸ்ஃபெராட்டு’வை (1922) எடுத்துக்கொள்ளுங்கள். இரவுக் காட்சிகளைப் பகல் வெளிச்சத்தில் படம்பிடித்து, பிலிமுக்கு நீலச் சாயம் ஏற்றி இரவாக்கினார்கள். சாயம் இல்லாத வெறும் கருப்பு வெள்ளைப் பிரதியைப் பார்த்தால், ரத்தக்காட்டேரி பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்து போகிறான். கடைசியில் அவனே சூரிய வெளிச்சம் பட்டு அழிகிறான். பார்ப்பவர் ‘இதென்ன ஓட்டை’ என்று இரண்டு மதிப்பெண் குறைத்துவிடுவார். ஓட்டை பிரதியில்தான் இருக்கிறது. நீலமும் மஞ்சளும் மாறிமாறி வரும், மீட்டெடுக்கப்பட்ட பிரதியைத் தேடுங்கள். அது சுமார் 94 நிமிடம் ஓடும். அதைவிட இருபது நிமிடம் குறைவாகக் காட்டினால், வேகமாக ஓட்டியிருக்கிறார்கள் அல்லது வெட்டியிருக்கிறார்கள்.

‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ (1968) கதை வேறு. வெளியீட்டுக்கு முன் தலைப்பை மாற்றியபோது தலைப்பு அட்டையோடு காப்புரிமைக் குறிப்பும் விடுபட்டுப்போனது. படம் யாருக்கும் உரிமையில்லாத பொதுச்சொத்தாகி, யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்து விற்றார்கள். அதனால்தான் மங்கலான, முகம் தெரியாத பிரதிகள் இணையம் முழுக்க இறைந்து கிடக்கின்றன. 2016-இல் மூல நெகட்டிவிலிருந்து மீட்டெடுத்ததைப் பார்த்தால் வேறு படம் பார்த்த மாதிரி இருக்கும். ‘எக்ஸார்சிஸ்ட்’ (1973) திரையரங்கில் வந்தது 122 நிமிடம், 2000-இல் காட்சிகள் சேர்த்து வெளியிட்டது 132. ‘ஷைனிங்’ (1980) அமெரிக்காவில் 144 நிமிடம், ஐரோப்பாவில் அதைவிட ஏறக்குறைய 25 நிமிடம் குறைவு. எதைப் பார்த்தீர்கள் என்று குறிப்பில் எழுதாவிட்டால் அந்த மதிப்பெண் யாருடையதோடும் ஒப்பிடத் தகாது. சப்டைட்டிலும் பிரதியின் பகுதிதான். ஸ்வீடனின் ‘லெட் த ரைட் ஒன் இன்’ (2008) அமெரிக்க டிஸ்க்கில் 2009-இல் வந்தபோது, திரையரங்கில் ஓடிய ஆங்கில வரிகளை எடுத்துவிட்டு மெலிந்த வரிகளைப் போட்டிருந்தார்கள். ரசிகர்கள் சண்டை போட்ட பிறகே பழைய வரிகள் திரும்பின. ‘சஸ்பிரியா’ (1977) போன்ற அக்கால இத்தாலியப் படங்களில் உதடும் பேச்சும் ஒட்டவில்லை என்று மதிப்பெண் குறைக்காதீர்கள். நடிகர்கள் ஆளுக்கொரு மொழியில் பேசி நடிக்க, குரலைப் பிறகு சேர்ப்பதே அங்கு வழக்கம். எந்த மொழித் தடத்தைத் தேர்ந்தாலும் அது டப்பிங்தான்.

இனி டிவி. அக்டோபர் பிறப்பதற்கு முன்பே மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள். சாம்சங்கில் ‘ஆட்டோ மோஷன் பிளஸ்’, எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’ என்ற பெயரில் இருக்கும். நொடிக்கு 24 சட்டகமாக எடுத்த படத்தில் இது இல்லாத சட்டகங்களை இட்டு நிரப்புகிறது. இருண்ட நடைபாதை சீரியல் செட் மாதிரி வழுவழுப்பாகிவிடும். ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அதைப் போட்டால் போதும். ‘விவிட்’, ‘டைனமிக்’ இரண்டும் நிழலுக்குள் இருப்பதை வெளிச்சம் போட்டுக் காட்டிவிடும். ஒளிப்பதிவாளர் மறைத்து வைத்ததைக் காட்டினால் பயம் எங்கிருந்து வரும்? அறை முழு இருட்டாக இருக்க வேண்டும் என்பது பாதி உண்மை. எல்சிடி டிவியில் முழு இருட்டில் கருப்பு சாம்பலாகத் தெரியும். டிவிக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி, 6,500 கெல்வின் வெள்ளை விளக்கு ஒன்றை மங்கலாக எரியவிட்டால் கருப்பு கருப்பாகவே நிற்கும். ஓஎல்இடி என்றால் இருட்டே சிறந்தது. ஸ்ட்ரீமிங்கில் இருண்ட காட்சிகள் கட்டம் கட்டமாக உடைந்தால் ‘டேட்டா சேவர்’ போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வைஃபையை விட்டுக் கேபிளில் இணைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

சத்தத்தில் ஒரே விதிதான்: முதல் ஐந்து நிமிடப் பேச்சு தெளிவாகக் கேட்கும் அளவில் வைத்துவிட்டு ரிமோட்டைத் தூர வையுங்கள். அமைதியில் கூட்டி, அலறலில் குறைத்து, மீண்டும் கூட்டிப் பார்ப்பவர் இயக்குநரின் வேலையை அழிக்கிறார். ‘நைட் மோட்’ செய்வதும் அதையேதான். மெல்லிய ஒலியை உயர்த்திப் பெரிய ஒலியைத் தாழ்த்தி இரண்டையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவரும். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு என்றால் ஹெட்போன் போடுங்கள். வெறும் டிவி ஸ்பீக்கர்தான் இருக்கிறது என்றால் பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்த 5.1 ஒலித் தடத்தை விட்டு ஸ்டீரியோ தடத்தைத் தேர்ந்தெடுங்கள், பேச்சு அமுங்காது. தமிழ்நாட்டிலிருந்து பார்ப்பவர்கள் தீபாவளியையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2024-இல் தீபாவளியே அக்டோபர் 31-ஆம் தேதிதான். சரவெடிக்கு நடுவே ‘த ஹாண்டிங்’ (1963) பார்க்க முடியாது. பேயைக் காட்டாமல், சுவருக்கு அப்பாலிருந்து வரும் அறைச்சத்தத்தாலேயே பயமுறுத்தும் படம் அது.

மதிப்பெண்ணுக்கு வருவோம். பத்துக்கு இத்தனை என்று ஒற்றை எண் போடுவதுதான் அடிப்படைத் தவறு. ‘பயம்’ என்று ஒன்று, ‘படம்’ என்று ஒன்று, இரண்டு எண் வேண்டும். இவை இரண்டும் ஒன்றாக நகர்வதில்லை. மேலே சொன்ன ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ எனக்குப் பயத்தில் 3, படத்தில் 9. இரண்டின் சராசரியான 6 அந்தப் படத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அருவருப்பைப் பயத்தில் சேர்க்காதீர்கள். மெய்ப்பாட்டியலும் இளிவரலை அச்சத்திலிருந்து பிரித்தே வைத்திருக்கிறது. குடல் சரிவதைப் பார்த்து முகம் சுளித்தால் அதைக் குறிப்பில் எழுதுங்கள், எண்ணில் ஏற்ற வேண்டாம்.

திடுக்கிடலை எடைபோட ‘கேட் பீப்பிள்’ நல்ல பள்ளிக்கூடம். இரவில் தனியாக நடக்கும் பெண், பின்னால் காலடிச் சத்தம், பிறகு காலடியும் நின்றுபோன நிசப்தம். சிறுத்தையின் சீற்றம் போல ஒன்று வெடிக்கிறது. பார்த்தால் பேருந்தின் பிரேக். தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரால் இந்த உத்தியே ‘லூட்டன் பஸ்’ ஆகிவிட்டது. இங்கே பேருந்துக்கு முன் வந்த நிசப்தம்தான் முக்கியம். ஒரு படத்தில் துள்ளினால் உடனே கேளுங்கள்: இந்தச் சத்தத்தை எடுத்துவிட்டால் அதற்கு முந்தைய இரண்டு நிமிடம் நிற்குமா? நின்றால் மதிப்பெண். நிற்காவிட்டால், காதருகே தட்டை அடித்ததற்கு மதிப்பெண் கிடையாது.

செப்டம்பரிலேயே, நன்றாகத் தெரிந்த மூன்று படங்களை அளவுகல்லாக நிறுத்துங்கள். 9-க்கு ஒன்று, 6-க்கு ஒன்று, 3-க்கு ஒன்று. என் 9, ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’ (1978). சுமார் 3,25,000 டாலர் செலவில், வசந்த காலத்துக் கலிபோர்னியாவில், தரையில் சாயம் பூசிய இலைகளைப் பரப்பி இலையுதிர்காலமாக்கி எடுத்த படம். ஐந்து அடி எண்ணிக்கையில் ஓடும் பியானோ மெட்டும் கார்பென்டருடையதே. நான்கில் பழகிய காது ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அடி தடுமாறும். அகலத் திரையின் ஓரத்தில், மங்கலாக, கொலைகாரன் சும்மா நிற்பான். 4:3 டிவிக்கு வெட்டிய பழைய பிரதியில் அகலத்தில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் போய்விடும், அவனும் அதோடு போவான். புதுப் படத்துக்கு 9 போடக் கை நீளும்போது, அது இதன் பக்கத்தில் நிற்குமா என்று கேட்டால் போதும். நடுவில் 6, 7 என்றே எல்லாம் குவிந்துபோவதும் இதனால் குறையும்.

படம் முடிந்து பத்து நிமிடத்துக்குள் பயத்துக்கான எண். படத்துக்கான எண் மறுநாள் காலையில், முந்தைய எண்ணைப் பார்க்காமல். ஷீட்டில் பிரதி, நிமிடம், தொடங்கிய நேரம், தனியாகவா கூட்டமாகவா என்ற நெடுவரிசைகள் கட்டாயம். கூட்டமாகப் பார்த்தால் சிரிப்பு தொற்றும். நிதானமான படங்களுக்குப் பயத்தில் ஒன்றோ இரண்டோ குறைவாக விழும், ரத்தக்களரிப் படங்களுக்கு அதே அளவு கூடும். ஒரு வரி விமர்சனத்தில் ‘சூப்பர்’, ‘மொக்கை’ வேண்டாம். ஒரே ஒரு ஷாட்டை எழுதுங்கள். இருபது நாள் கழித்துப் படத்தை நினைவுக்குக் கொண்டுவருவது அந்த ஷாட்தான்.

16-ஆம் தேதி சரிபார்ப்பு. அதுவரை பார்த்த 15 படங்களை, எண்களை மூடிவிட்டு, இதுவா அதுவா என்று இரண்டிரண்டாக ஒப்பிட்டு வரிசைப்படுத்துங்கள். பிறகு எண்களைத் திறந்தால், வரிசையோடு முரண்படும் மூன்று நான்கு படங்கள் தெரியும். படத்துக்கான எண்ணை மட்டும் திருத்துங்கள். பயத்தின் எண்ணைத் தொடாதீர்கள், அது அந்த இரவின் பதிவு. 20-ஆம் தேதிக்குப் பிறகு பயத்தின் எண்கள் மொத்தமாகத் தாழ்ந்தால் ஒரு நாள் இடைவெளி விடுங்கள், அல்லது பேயே இல்லாத ‘கள்வர்’ படம் ஒன்றைப் போடுங்கள். அதற்காகத்தான் மாற்றுப் படங்கள்.

31-ஆம் தேதி மாலை அமெரிக்காவில் குழந்தைகள் மிட்டாய் கேட்டு அழைப்புமணி அடித்துக்கொண்டே இருப்பார்கள். ஒன்பது மணிக்கு முன் படம் தொடங்குவது வீண். 2026-இல் ஒரு கூடுதல் வசதி: நவம்பர் 1 ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. ஒன்பதுக்கு 91 நிமிட ‘ஹாலோவீன்’, பதினொன்றுக்குக் கையிருப்பிலிருந்து இன்னொன்று. இரண்டும் முடித்துப் படுத்தாலும் தூக்கத்தில் ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்கும். இறுதி வரிசையை அந்த இரவே போடாதீர்கள், நவம்பர் 2 வரை ஷீட்டை மூடி வையுங்கள்.