‘நன்றாக இருக்கிறேன்’ என்று சொன்ன பிறகு

லாரி நிறுவனத்தின் காப்பீட்டாளர்களிடமிருந்து வந்த கடிதத்தின் இரண்டாம் பத்தியில் நான் சொன்ன ஒரு வாக்கியம் மேற்கோள் குறிக்குள் இருந்தது. விபத்து நடந்த மூன்றாம் நாள், பதிவு செய்யப்பட்ட தொலைபேசி உரையாடலில், நான் நன்றாக இருப்பதாக என் வாயாலேயே சொல்லியிருந்தேனாம். எனவே என் தோள்பட்டை வலிக்கும் அவர்களுடைய லாரி என் காரில் மோதியதற்கும் தொடர்பு காண இயலவில்லையாம். இருந்தாலும் 1,800 டாலர் தருகிறோம், இணைத்துள்ள தாளில் கையொப்பமிட்டு அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தாளில் கையொப்பமிட்டால், பின்னாளில் எந்த வலிக்காகவும் எந்தச் சிகிச்சைக்காகவும் நான் அவர்களிடம் ஒரு காசும் கேட்க முடியாது என்பது அடியில் சிறிய எழுத்தில் இருந்தது.

நான் அப்படிச் சொன்னது உண்மைதான். காப்பீட்டாளர்கள் தரப்பில் அழைத்த பெண் மிகவும் பரிவான குரலில், இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். நம்மில் யாரைக் கேட்டாலும் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தானே உண்டு? கர்ப்பப்பை அறுவை முடிந்து மூன்று நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்திருந்த என் அம்மா, பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்லி, வந்தவர்களுக்குக் காபி கொடுத்தார்களா என்று கண்ணால் என்னைக் கேட்டவர். நலம் விசாரித்தவரை வருத்தப்பட வைக்கக் கூடாது என்பது எனக்கு யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுத்த பாடமல்ல. வீட்டுக் காற்றிலேயே இருந்தது. அந்த மரியாதையை ஒருவர் எழுதி வைத்துக்கொண்டு, அதற்கு விலை போட்டு, என்னிடமே திருப்பி அனுப்புவார் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. விபத்தைவிட அந்தக் கடிதம்தான் என்னை அதிகமாக அழ வைத்தது.

ஹூஸ்டனுக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. எந்த நெடுஞ்சாலையில் எந்தத் தடத்தில் போனால் எந்த வெளிவழி வரும் என்பது மனப்பாடம். ஜூன் மாதம் பிறந்தால் புயலுக்குத் தண்ணீர்ப் போத்தல் வாங்கி அடுக்கி வைப்பேன். மகளுக்குப் பள்ளியில் டெக்சாஸ் கொடி உறுதிமொழி தெரியும். இங்கே வேரூன்றிவிட்டோம் என்று தோழிகளிடம் சொல்லிக்கொண்டும் இருந்தேன். ஆனால் ஐ-10 சாலையில் ஒவ்வொரு பதினெட்டுச் சக்கர லாரியும் என்னைக் கடக்கும்போது, அதன் நெற்றியில் ஊர்ப் பெயரையும் கண்ணாடிக்கு மேலே தொங்கும் எலுமிச்சை மிளகாயையும் என் கண் தேடும். நான் நாமக்கல்லில் ஒரு லாரி ஓட்டுநருக்குப் பிறந்தவள். ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரம் போய், நாசிக்கிலிருந்து வெங்காயத்தோடு திரும்புவார் அப்பா. அவர் ஊருக்கு வந்ததும் வண்டியில் ஏறிப் படுக்கைப் பலகையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவது எனக்கும் தம்பிக்கும் திருவிழா.

2023 அக்டோபரில், ஆயுத பூசை அன்றுதான் அது நடந்தது. காலையில் கோயிலில் காருக்குப் பொட்டு வைத்து, நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சை வைத்து நசுக்கிவிட்டு, வேலைக்குப் போனேன். மாலை 6:40 மணிக்கு ஐ-10இல் மேற்கு நோக்கி வரும்போது முன்னால் வண்டிகள் மெதுவாயின, நானும் மெதுவானேன், பின்னால் வந்த லாரி மெதுவாகவில்லை. முழுச் சுமையுடன் 80,000 பவுண்டு எடையில், மணிக்கு 65 மைல் வேகத்தில் வரும் லாரி நிற்பதற்கு ஏறக்குறைய 525 அடி வேண்டும் என்று பின்னர் தெரிந்துகொண்டேன். அன்று எங்களுக்கிடையே அவ்வளவு தூரம் இல்லை.

கதவைத் திறந்து வெளியே வந்ததும் நான் முதலில் செய்தது, லாரியின் கதவைப் படம் எடுத்தது. அது சட்ட அறிவினால் அல்ல. வண்டியைப் பார்த்தால் முதலில் கதவைப் படி என்பது அப்பா சொல்லிக்கொடுத்தது. உரிமையாளர் பெயர், ஊர், காலி எடை, ஏற்று எடை, எஃப்.சி. தேதி எல்லாம் நம் லாரிகளில் பெயின்டில் எழுதியிருக்குமே, அதைப் படித்தால் வண்டியின் சாதகம் தெரிந்துவிடும் என்பார். இந்த லாரியின் கதவிலும் ஒரு நிறுவனப் பெயரும், அதன் கீழே அமெரிக்கப் போக்குவரத்துத் துறையைக் குறிக்கும் யுஎஸ்டாட் என்ற எழுத்துகளும், ஓர் எண்ணும் இருந்தன. பின்னால் இழுத்துவந்த டிரெய்லரில் வேறு நிறுவனத்தின் பெயர் இருந்தது. அதையும் எடுத்தேன். ஓட்டுநர் சாலையோரத் தடுப்பில் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம்.

மருத்துவமனையிலிருந்து வந்து அப்பாவை அழைத்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, “டிரைவருக்கு ஒண்ணும் ஆகலியே கண்ணு?” என்றார். கேட்ட கணத்தில் எனக்குச் சுருக்கென்றது.

கடிதம் வந்த அன்றுதான் வழக்கறிஞரைத் தேட வேண்டும் என்ற எண்ணமே பிறந்தது. நம்மில் பலரைப்போல, இந்த நாட்டில் எங்களுக்குத் தெரிந்த ஒரே வக்கீல் விசா வக்கீல். கணவர் அவரையே அழைத்தார். இது தன் துறையல்ல என்றும், கார் விபத்து பார்ப்பவர்களிலும் எல்லாரும் லாரி வழக்கு அறிந்தவர்கள் அல்லர் என்றும் சொல்லி அவர் விலகிக்கொண்டார். இழப்பீடு கேட்டால் எச்-1பி புதுப்பிப்பில் ஏதேனும் சிக்கல் வருமா என்று கணவர் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, உரிமையியல் வழக்கில் வாதியாக இருப்பது குற்றமன்று என்று மட்டும் அழுத்திச் சொன்னார். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டோம்.

ஊரிலாக இருந்தால் பாதை வேறு. மோட்டார் வழக்கு பார்க்கும் வக்கீலை மாமாவுக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியாவிட்டால் லாரிப் பட்டறைக்காரருக்குத் தெரியும்; 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் ஒன்று மாவட்ட நீதிமன்றத்திலேயே இருக்கும். நம் நாட்டு வழக்கறிஞர் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது, கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு என்று பேசிக்கொள்ளவும் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. இங்கே இரண்டும் நடைமுறை. லாரி மோதியதா, என்னை அழையுங்கள் என்று நெடுஞ்சாலை நெடுக ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறார்கள். நான் வேலைக்குப் போகும் வழியில் மட்டும் பதினொரு பலகைகள். அவற்றில் ஒரு தொலைபேசி எண்ணை என் ஆறு வயது மகள் தொலைக்காட்சிப் பாட்டிலிருந்து முழுதும் பாடுவாள். எங்கள் வீட்டு எண் அவளுக்கு இன்னும் தெரியாது. அந்த வாரத்தில் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

நாங்கள் யாரையும் அழைப்பதற்கு முன்பே எங்களை அழைத்தவர்களும் உண்டு. ஒருவர் கார் ஏற்பாடு செய்கிறேன் என்றார். இன்னொருவர் மருத்துவர், வக்கீல் இருவரையும் வீட்டுக்கே அனுப்புகிறேன் என்றார். முன்பின் தெரியாத நாட்டில் உதவி என்று வருபவரை நம்பத்தான் தோன்றும். கோயிலில் பழக்கமான அக்கா ஒருவர்தான் தடுத்தார். விபத்தில் சிக்கியவரைத் தேடிப்போய் வழக்குப் பிடிப்பது டெக்சாசில் தண்டனைக்குரிய குற்றம், அப்படி வருபவரிடம் கையொப்பமிடாதே என்றார். உரிமம் உண்டா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பதை டெக்சாஸ் மாநில வழக்கறிஞர் மன்றத்தின் தளத்தில் பெயர் போட்டுப் பார்க்கலாம் என்று சொல்லி, தானே அருகில் உட்கார்ந்து பார்த்தும் கொடுத்தார்.

மூன்று பேரைச் சந்தித்தோம். முதல் சந்திப்புக்கு யாரும் கட்டணம் வாங்கவில்லை. முதல் அலுவலகத்தில் வழக்கறிஞரையே பார்க்க முடியவில்லை. ஓர் இளைஞர் திரையை நீட்டி, விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார். இரண்டாமவர் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார், ஆனால் லாரி வழக்கில் முதலில் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டபோது, உங்கள் சிகிச்சை முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றார்.

மூன்றாமவர் அறுபதை எட்டிய ஓர் அம்மா. என் தோளைப் பற்றிக் கேட்பதற்கு முன், அந்த லாரி இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டார். நான் கதவின் படத்தைக் காட்டினேன். அவர் எழுந்து கணினியைத் திருப்பி, அந்த யுஎஸ்டாட் எண்ணை மத்திய அரசின் பாதுகாப்புப் பதிவுத் தளத்தில் இட்டார். எத்தனை வண்டிகள், கடந்த 24 மாதங்களில் எத்தனை சோதனைகள், எத்தனை விபத்துகள் என்று வரிசையாக வந்தது. அப்பா சொன்ன சாதகம் இந்த ஊரிலும் கதவில்தான் இருந்தது.

அன்று அவர் சொன்னவற்றை என் மகளின் ஓவிய நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஓட்டுநரின் பணிநேரப் பதிவுகளை நிறுவனம் ஆறு மாதம்தான் வைத்திருக்கக் கடமைப்பட்டது. அன்றாட வண்டிச் சோதனை அறிக்கையை மூன்று மாதம்தான். இயந்திரக் கணினியில் பதிவான வேகமும் பிரேக் விவரமும், வண்டி பழுது பார்த்து ஓடத் தொடங்கினால் அழிந்துவிடக்கூடும். ஆகவே எதையும் அழிக்கக் கூடாது என்ற அறிவிப்புக் கடிதம் உடனே போக வேண்டும். வண்டியை இழுத்த நிறுவனம், டிரெய்லருக்கு உரியவர், சரக்கு ஏற்றியவர், இடைத்தரகர் என்று பொறுப்பாளிகள் பலராக இருக்கலாம். மாநிலம் விட்டு மாநிலம் பொதுச் சரக்கு ஏற்றும் நிறுவனத்துக்குக் குறைந்தது 7,50,000 டாலர் பொறுப்புக் காப்பீடு இருந்தாக வேண்டும் என்பது 1980களிலிருந்து மாறாத விதி; 1,800 டாலர் கடிதத்தை அந்த எண்ணின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றார். வழக்குத் தொடர டெக்சாசில் இரண்டு ஆண்டுகள் உண்டு. தவறில் என் பங்கு 50 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது என்று முடிவானால் எனக்கு எதுவும் கிடைக்காது. நான் திடீரென்று பிரேக் போட்டதாக அவர்கள் நிச்சயம் சொல்வார்கள் என்றார். பிறகு அப்படியே சொன்னார்கள்.

கட்டணம் வழக்குக்கு முன் முடிந்தால் மூன்றில் ஒரு பங்கு, வழக்குத் தொடுத்தால் 40 விழுக்காடு. அது எழுத்தில் இருந்தாக வேண்டும். செலவுகளைப் பங்கு பிரிப்பதற்கு முன் கழிப்பதா, பின் கழிப்பதா என்று கேட்கும்படி அந்த அக்கா சொல்லி அனுப்பியிருந்தார். கேட்டேன். அந்த அம்மா தாளில் கணக்குப் போட்டே காட்டினார். அதற்குப் பிறகுதான் கையொப்பமிட்டேன்.

கடைசியாக நான் அந்தத் தொலைபேசி உரையாடலைப் பற்றிச் சொன்னேன். எதிர்த்தரப்புக் காப்பீட்டாளருக்குப் பதிவு செய்த வாக்குமூலம் கொடுக்கும் கடமை எனக்கு இருக்கவே இல்லை என்றார். இனி மருத்துவரிடமும் எப்படி இருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு உண்மையை மட்டும் சொல்ல வேண்டும். எங்கே வலிக்கிறது, எதைத் தூக்க முடியவில்லை, இரவில் எத்தனை முறை விழிக்கிறீர்கள் என்று சொல்ல வேண்டும். அது குறிப்பேட்டில் ஏறும். சொல்வதற்கு எளிதாக இருந்தது. அடுத்த வாரம் மருத்துவர் உள்ளே வந்து கேட்டபோது, நலம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, மகளைத் தூக்க முடியவில்லை, தலை பின்ன முடியவில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் யாரையோ அவமதித்துவிட்டதுபோல் வியர்த்துவிட்டது. இப்போது பழகிவிட்டேன் என்று சொல்லலாம். ஆனால் அம்மாவின் கட்டிலும், ஈரத்துணியால் உதட்டை நனைத்துக்கொண்டே வந்தவர்களைப் பார்த்துச் சிரித்த அவருடைய முகமும் ஒவ்வொரு முறையும் குறுக்கே வந்து நிற்கின்றன.

வழக்கு ஹாரிஸ் கவுன்டி நீதிமன்றத்தில் இருக்கிறது. சென்ற மாதம் பணிநேரப் பதிவுகள் வந்தன. அந்த ஓட்டுநர் அதிகாலை நான்கு மணிக்குப் பணி தொடங்கியிருக்கிறார். சரக்கேற்றும் கிடங்கில் ஐந்து மணி நேரம் காத்திருந்திருக்கிறார். 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, பணி தொடங்கிய 14ஆம் மணிக்குப் பிறகு ஓட்டவே கூடாது என்பது சட்டம். காத்திருக்கும் நேரத்துக்காக அந்தக் கடிகாரம் நிற்பதில்லை. மாலை ஆறு மணிக்கு அவர் வண்டியை ஓரங்கட்டியிருக்க வேண்டும். அன்றிரவே சேர்க்க வேண்டிய சரக்கு என்று நிறுவனத்திலிருந்து அவருக்கு வந்த மூன்று செய்திகளும் பதிவில் இருந்தன.

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்துச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “லோடு ஏத்தறவன் நம்ம நேரத்தை எங்கெ கண்ணு கணக்குல எடுக்கறான்” என்றார். அதோடு, நான் கேட்காமலேயே, 1994இல் சோலாப்பூர் தாண்டி ஒரு பாலத் தடுப்பில் வண்டி உரசிய இரவைச் சொன்னார். தோள் எலும்பு விரிசல் விட்டிருந்தது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து முதலாளியை அழைத்து, வண்டியும் நல்லா இருக்குதுங்க, நானும் நல்லா இருக்கறேனுங்க என்று சொல்லிவிட்டு நாமக்கல் வரை ஓட்டி வந்திருக்கிறார். வேறு மாதிரி சொல்லியிருந்தால் அடுத்த நடை வேறு ஆளுக்குப் போயிருக்கும். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

எந்தத் தோள் என்று கேட்டேன். வலது என்றார். “கியர் போடற கை நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு.”