வராதவர்களைத் தேடிப் போன தீசிஸ்

எம்.டி. கம்யூனிட்டி மெடிசின் என்ற சமூக மருத்துவ முதுநிலைப் படிப்பில் (பிஜி) சேர்ந்த முதல் மாதமே ஒரு சீனியர் கூப்பிட்டு, "தீசிஸ் டாபிக் முடிவாச்சா?" என்றார். இல்லை என்றேன். "என்கிட்ட பழைய புரோட்டோகால் ஒண்ணு இருக்கு. ஊர் பேரை மட்டும் மாத்திக்கோ" என்று, அந்த ஆய்வுத் திட்டம் இருந்த பென்டிரைவை நீட்டினார். நல்ல மனசோடுதான் கொடுத்தார். நான் அதைப் பயன்படுத்தவில்லை. நேர்மை காரணம் என்று பெருமையடித்துக்கொள்ள ஆசைதான். ஆனால் பென்டிரைவில் வைரஸ் இருந்தது, ஃபைல் திறக்கவில்லை. அந்த வைரஸுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

பிஜி சேரும் முன் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று வருடம் மருத்துவ அலுவலராக இருந்தேன். அங்கே என்சிடி (தொற்றா நோய்கள்) பதிவேட்டைப் புரட்டும்போதெல்லாம் ஒன்று உறுத்தும். பிபிக்கு மாத்திரை ஆரம்பித்தவர் இரண்டு மாதம் வருவார், மூன்றாம் மாதம் கட்டம் காலி. அடுத்த மாதமும் காலி. "என்ன ஆனார்?" என்று கேட்டால் செவிலியர் அக்கா, "வெளியூர் போயிருப்பாரு டாக்டர்" என்பார். எல்லோருமா வெளியூர் போயிருப்பார்கள்? தலைப்பு இல்லாமல் தவித்த நாளில் இந்தக் காலிக் கட்டங்கள்தான் ஞாபகம் வந்தன. தலைப்பு தேடும் பிஜிக்களுக்கு நான் சொல்வது இதுதான்: இணையத்தில் தேடும் முன், நீங்கள் வேலை பார்த்த இடத்தில் உங்களை எரிச்சலூட்டியது எது என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு வருடம் ஒரு கேள்வியோடு குடித்தனம் நடத்த வேண்டும். இரவல் கேள்வியோடு அது முடியாது.

முதலில் நான் எழுதிக்கொண்டு போன தலைப்பு 'தமிழ்நாட்டில் உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாடு'. கைடு மேடம் சிரித்துவிட்டார். "தமிழ்நாட்டையே அளக்கப் போறியா? ஒரு பிளாக்குக்கு வா." ஒரு பிளாக்குக்கு, அதாவது ஓர் ஒன்றியத்துக்கு, வந்தேன். பதிவேட்டில் பெயர் உள்ளவர்களில் எத்தனை பேருக்கு அழுத்தம் 140/90-க்குக் கீழே இருக்கிறது, மாத்திரையை விட்டவர்கள் ஏன் விட்டார்கள். கேள்வி அவ்வளவுதான்.

சுகாதாரச் சேவை ஆய்வு என்றால் ஏதோ பெரிய பொருளாதாரக் கணக்கு என்று பலர் பயப்படுகிறார்கள். மருத்துவச் சேவையின் தரத்தை அளக்க டோனபீடியன் 1966-இல் கொடுத்த மூன்று சொற்கள் போதும்: அமைப்பு, செயல்முறை, விளைவு. சுகாதார நிலையத்தில் பிபி மாத்திரையான ஆம்லோடிபின் இருக்கிறதா என்பது அமைப்பு. வந்தவருக்கு அளந்து பார்த்துக் கொடுத்தார்களா என்பது செயல்முறை. அழுத்தம் குறைந்ததா என்பது விளைவு. இதோடு 'பாதி விதி'யையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கட்டாயம் வரும். உயர் ரத்த அழுத்தம் உள்ள 80 பேரில் பாதிப்பேருக்குத்தான் அது இருப்பதே தெரியும், 40. அதில் பாதிதான் சிகிச்சையில், 20. அதிலும் பாதிதான் கட்டுப்பாட்டில், 10. இந்தக் கணக்கு எல்லா ஊரிலும் அப்படியே பொருந்தாது. ஆனால் ஆட்கள் எந்தப் படியில் உதிர்கிறார்கள் என்று பார்க்கக் கற்றுக்கொடுக்கும். வேல்ஸில் ஒரு சுரங்கக் கிராமத்தில் வைத்தியம் பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-இல் எழுதிய 'தலைகீழ் கவனிப்பு விதி'யையும் படியுங்கள். நல்ல சிகிச்சை யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்பார். ஓபி (புறநோயாளிகள்) வரிசையில் நின்று பார்த்தவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. ஆனால் நமக்குத் தெரிந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே தனித் தெம்பு.

முதல் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) சென்னை தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் இணையவழி ஆய்வு முறைப் படிப்பை முடிக்க வேண்டும். பெரும்பாலானோர் அதைச் சான்றிதழுக்காக, வீடியோவை ஓடவிட்டுத் தூங்கி முடிப்பார்கள். நானும் முதல் இரண்டு பாடத்தை அப்படித்தான் பார்த்தேன். ஆய்வுக்கு எத்தனை பேரை எடுக்க வேண்டும் என்று சொல்லும் மாதிரி அளவு பாடம் வந்தபோது எழுந்து உட்கார்ந்தேன். அந்தப் பாடங்களையும் புரோட்டோகாலையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும்.

மாதிரி அளவில்தான் பாதிப்பேர் வழுக்குகிறார்கள். சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம்: நான்கு பெருக்கல் பி பெருக்கல் க்யூ, வகுத்தல் டி ஸ்கொயர். பி என்பது நாம் எதிர்பார்க்கும் சதவீதம், க்யூ நூறில் மீதி, டி நாம் பொறுத்துக்கொள்ளும் பிழை. நான்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் முழிப்பார்கள். 95 சதவீத உறுதிக்கான எண் 1.96, அதன் வர்க்கம் 3.84, அதை நான்காக்கியிருக்கிறோம். சரி, கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். டி-க்கு 5 போட்டால் 336 பேர். அதே டி-யை 'பி-யில் 20 சதவீதம்' என்று எடுத்தால் 6 ஆகும், 234 பேர் போதும். நூறு பேர் மிச்சம் என்று சந்தோஷப்பட வேண்டாம். ஏன் அதை எடுத்தாய் என்று, ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டியில் கேட்பார்கள், தேர்விலும் கேட்பார்கள். "ஆள் குறைச்சலா வரும் சார்" என்பது பதில் ஆகாது. நான் 336 எடுத்து, பத்தில் ஒருவர் கிடைக்கமாட்டார் என்று 0.9-ஆல் வகுத்து, 374 என்று வைத்தேன். பத்தில் ஒருவர் என்ற அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

எத்திக்ஸ் கமிட்டியில் என்னை நிறுத்தி வைத்தது ஒப்புதல் படிவம். 'இவ்வாய்வில் தன்னார்வமாகப் பங்கேற்க இசைவளிக்கிறேன்' என்று எழுதியிருந்தேன். கமிட்டியில் மருத்துவம் சாராத உறுப்பினர் ஒருவர் இருந்தார். "இதை உங்க பாட்டிகிட்ட படிச்சுக் காட்டினீங்களா?" என்றார். திருத்தினேன். களத்தில் ஒரு தாத்தா கேட்டது அந்தப் படிவத்தில் எங்கேயுமே இல்லை: "நான் வேண்டாம்னா மாத்திரையை நிறுத்திடுவாங்களா டாக்டரம்மா?" ஒப்புதல் படிவத்தின் முதல் வரியே அந்தப் பயத்துக்குப் பதிலாக இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கினால், ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் கூட இருந்து கையெழுத்திட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரே போதும். உங்கள் கூட வந்த ஜூனியர் சாட்சி ஆகமாட்டார்.

களத்துக்குப் போகும் முன் மேடம் ஒரு வேலை சொன்னார். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. "ரிசல்ட்ஸ்ல என்னென்ன டேபிள் வரும்னு காலி டேபிளா வரைஞ்சு கொண்டு வா." எண்ணே இல்லாமல் அட்டவணையா? வரைந்தேன். வினாத்தாளில் 94 கேள்விகள் இருந்தன, அட்டவணைக்குள் போய்ச் சேர்ந்தவை 31. மீதி எதற்கு? 'இருக்கட்டும், பிறகு பயன்படும்' என்று சேர்த்தவை. வெட்டினேன். ஒரு வீட்டில் முக்கால் மணி நேரம் ஆகியிருக்க வேண்டியது இருபது நிமிடத்தில் முடிந்தது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் காலி அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சிய கேள்விகளும் லேசில் அமையவில்லை. முன்னோட்ட ஆய்வில் "மாத்திரையை ஒழுங்காப் போடுறீங்களா?" என்று கேட்டேன். அத்தனை பேரும் "போடுறேன்ம்மா" என்றார்கள். டாக்டரிடம் வேறு என்ன சொல்வார்கள்? கேள்வியை மாற்றினேன்: "எல்லாருக்கும் ஒரு நாள் ரெண்டு நாள் விட்டுப்போறதுதான். போன வாரம் உங்களுக்கு எத்தனை நாள் விட்டுப்போச்சு?" பதில்கள் வேறாக வந்தன. அட்டையைக் கொண்டுவரச் சொல்லி மீதி மாத்திரையை எண்ணியதும் உதவியது. "உப்பு அதிகமா சாப்பிடுவீங்களா?" என்பதும் அப்படித்தான், யாரும் ஆமாம் என்பதில்லை. நான்கு பேர் வீட்டில் மாதம் ஒரு கிலோ உப்பு தீர்கிறது என்றால் தலைக்கு நாளொன்றுக்கு எட்டு கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஐந்து கிராமுக்குக் கீழே. கல் உப்பு ஊறுகாய்க்கும் மீன் கழுவவும் போகும், அதனால் இது தோராயம்தான். ஆனாலும் அந்த வீட்டுக்கார அம்மாவே கணக்குப் போட்டுப் பார்த்து, "எட்டா!" என்று அதிர்ந்தது என் சொற்பொழிவைவிட வேலை செய்தது.

மருந்தை ஒழுங்காக எடுப்பதை அளக்க மோரிஸ்கி அளவுகோலைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். அதற்கு உரிமம் வாங்க வேண்டும். அனுமதியின்றிப் பயன்படுத்தியதற்காக வெளியான கட்டுரைகளையே திரும்பப் பெற்றிருக்கிறார்கள். எந்த அளவுகோலாக இருந்தாலும் அனுமதி மின்னஞ்சலை புரோட்டோகாலோடு சேர்த்து வையுங்கள்.

அளப்பதிலும் ஒரு பாடம். பழைய பதிவேட்டில் பக்கம் பக்கமாக 130/80, 140/90. மனித ரத்தத்துக்கு இவ்வளவு முழு எண் பிடிக்குமா? அவசரத்தில் பாதரசக் கருவியைப் பார்த்து எல்லோரும் கடைசி இலக்கத்தைப் பூஜ்ஜியத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள். கட்டுப்பாடா இல்லையா என்பதே 140-இல் நிற்கும்போது, இந்தத் தள்ளலில் முடிவே மாறிவிடும். நான் டிஜிட்டல் கருவி எடுத்துப்போனேன். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, மூன்று முறை அளந்து, கடைசி இரண்டின் சராசரியை எடுத்துக்கொண்டேன். அரை மணிக்குள் காபி குடித்தவரிடம் காத்திருந்தேன். பருமனான கைக்குச் சின்ன கஃப் (கையில் சுற்றும் பட்டை) கட்டினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். அதனால் இரண்டு அளவு கஃப் பையில் இருந்தது. இவ்வளவும் செய்து கடைசியில் பேட்டரி தீர்ந்து ஒரு நாள் திரும்பி வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி வராதவர்கள். ஓபியில் உட்கார்ந்து வருகிறவர்களை எடுத்திருந்தால் ஒரே மாதத்தில் 374 முடிந்திருக்கும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஓபிக்கு வருகிறவர் மாத்திரை வாங்க வருகிறவர். அவரிடம் போய் "ஏன் மாத்திரையை விட்டீர்கள்?" என்று கேட்பது, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு ஊரில் பட்டினி உண்டா என்று விசாரிப்பது மாதிரி. பதிவேட்டிலிருந்து குலுக்கல் முறையில் பெயர்களை எடுத்து வீடு வீடாகப் போனேன்.

முதல் நாள் காலை பத்து மணிக்கு ஊருக்குள் போனால் தெருவே காலி. நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார்கள். இது உள்ளூர்க்காரருக்குத் தெரியும், எனக்குத் தெரியவில்லை. பிறகு கிராம சுகாதார செவிலியரைக் கேட்டுத்தான் நாள் குறித்தேன். செவ்வாய் கர்ப்பிணிகள், புதன் தடுப்பூசி, அந்த இரண்டு நாளும் அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. 2021 ஆகஸ்ட் 5-இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபின் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகும் பெண் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். எந்த வீட்டில் யார் எத்தனை மணிக்கு இருப்பார் என்பது அவர்களுக்கு அத்துப்படி. மாலை ஆறு மணிக்கு மேல்தான் ஆண்கள் கிடைத்தார்கள், அதுவும் எல்லா ஆண்களும் பேசும் நிலையில் இருக்கமாட்டார்கள்.

அவர்கள் சொன்ன காரணங்கள் எந்தப் பாடநூலின் பட்டியல் வரிசையிலும் இல்லை. "அளந்து பாத்தேன், நார்மல் ஆயிடுச்சு, நிறுத்திட்டேன்." "கால் வீங்குச்சு." ஆம்லோடிபினின் தெரிந்த பக்கவிளைவு இது. ஆனால் வீங்கினால் வந்து சொல்லுங்கள் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. "ஓபி சீட்டு வாங்க நின்னா அன்னிக்குக் கூலி போச்சு." ஓர் அம்மா, மருமகள் முன்னால் மாத்திரை போட வெட்கமாக இருக்கிறது என்றார். இதற்கு எந்தக் குறியீட்டு எண் போடுவது? கேள்வித்தாளின் ஓரத்தில் கையால் எழுதினேன். அந்த ஓரக் குறிப்புகள்தான் பிறகு டிஸ்கஷன் அத்தியாயத்துக்கு உயிர் கொடுத்தன.

புள்ளிவிவரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கணக்குப் போடும் மென்பொருள்களில் எபி இன்ஃபோ இலவசம், ஆர் இலவசம், களத்தில் தரவு சேர்க்க எபிகலெக்ட் இலவசம். கள்ள மென்பொருள் தேவையே இல்லை. ஸ்டாட்டிஸ்டிஷியனிடம் எக்ஸெல்லைக் கொடுத்துவிட்டு "பி மதிப்பு வர மாதிரி பண்ணிக் கொடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். முடிவு தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்க உதவும் எண் அது. கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன், வைவாவில் அவர்கள் நெளிந்ததையும் பார்த்திருக்கிறேன்.

தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே தீசிஸைச் சமர்ப்பித்துவிட வேண்டும் என்பதால் எழுதுவதைக் கடைசிக்கு வைக்காதீர்கள். புரோட்டோகாலில் எதிர்காலத்தில் எழுதியதை இறந்தகாலத்துக்கு மாற்றினாலே மெத்தட்ஸ் (ஆய்வு முறை) அத்தியாயம் முக்கால்வாசி முடிந்தது. ஆய்வறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்ட்ரோப் பட்டியலின் 22 அம்சங்களையும் ஒரு தாளில் ஒட்டிவைத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். லிட்டரேச்சர் ரிவ்யூவை வெட்டி ஒட்டியவர்கள் எழுத்துத் திருட்டுச் சோதனையில் மாட்டி, வார்த்தையை மட்டும் மாற்றி மாற்றி மாதக்கணக்கில் அழுவார்கள். அதற்குப் படித்தே எழுதிவிடலாம்.

நான்கு எழுத்துத் தாள்களுக்குத் தனியாகப் படித்தேன்தான். ஒவ்வொரு தேசியத் திட்டத்துக்கும் ஒரு பக்கம், பழைய வினாத்தாள், கடிகாரம் வைத்து எழுத்துப் பயிற்சி, வழக்கமானவை. ஆனால் எபிடெமியாலஜி கணக்கும் குடும்ப ஆய்வும் எனக்குப் புதிதாகப் படவில்லை. 300-க்கும் மேற்பட்ட வீடுகளில் உட்கார்ந்து எழுந்தவளுக்குத் தேர்வில் இன்னொரு வீடு.

வைவாவில் வெளித்தேர்வாளர் தீசிஸைப் புரட்டிக்கொண்டே போனார். மாதிரி அளவைக் கேட்பார் என்று 3.84-ஐ நாக்கு நுனியில் வைத்திருந்தேன். கேட்கவில்லை. ஓர் ஓட்டப்படத்தில் விரலை வைத்தார். எடுத்த பெயர்களில் எத்தனை பேர் கிடைத்தார்கள், எத்தனை பேர் கிடைக்கவில்லை என்ற படம்.

"இந்தக் கிடைக்காதவங்க யாரு?"

இறந்தவர்கள், முகவரி தவறானவர்கள், தனியாரிடம் மாறியவர்கள் என்று வரிசையாகச் சொன்னேன். "அதிகம் பேர் குடும்பத்தோட திருப்பூர் போயிட்டாங்க சார். பனியன் கம்பெனி வேலைக்கு."

"அங்க அவங்களுக்கு மாத்திரை யார் கொடுக்கறாங்க?"

"தெரியலை சார்."

செவிலியர் அக்கா சொன்ன 'வெளியூர்' எனக்கு அப்போதுதான் உறைத்தது. தேர்வாளர் தலையாட்டிவிட்டு தீசிஸை மூடினார். மேஜை மேலிருந்த ஹாராக்ஸ் கருவியை என் பக்கம் நகர்த்தி, கிணற்றுத் தண்ணீருக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர் என்று எப்படிக் கண்டுபிடிப்பாய் என்றார். அது தெரியும், சொன்னேன்.