வார்டு உறுப்பினர் மனுவும் வரி பாக்கி இல்லாச் சான்றும்

கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர் பதவிக்கு நிற்பது எளிது என்பவர்கள் 200 ரூபாய் டெபாசிட்டையும் 9,000 ரூபாய் செலவு வரம்பையும் மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். 2019 டிசம்பரில் நான் மனுத் தாக்கல் செய்தபோது அந்த 200 ரூபாயைக் கட்டிய வேலை நொடியில் முடிந்தது. வீட்டு வரி பாக்கி இல்லை என்று ஒரு தாளில் எழுதி வாங்குவதற்குள்தான் மனுக்காலம் ஏறத்தாழ முழுவதும் கரைந்துபோயிற்று.

2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததிலிருந்து எங்கள் ஊராட்சி, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் இல்லாமல், அரசு நியமித்த தனி அலுவலர் நிர்வாகத்தில் இருந்தது. தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால்கூட ஒன்றிய அலுவலகம் வரை போய்த்தான் சொல்ல வேண்டும். ஆகவே எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது என்று தெரிந்ததும் மகளிர் குழுவினர் என்னை நிற்கச் சொன்னதில் வியப்பில்லை. நிற்பதென்றால் தலைவர் பதவிக்கே நிற்கலாமே என்றும் சிலர் சொன்னார்கள். ஆனால் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வார்டு உறுப்பினர்களே. ஊராட்சிக் கணக்கின் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். கூட்டத்துக்கு வந்து தலையாட்டிவிட்டுப் போகிற பதவி இது அன்று என்பதால் வார்டே போதும் என்று முடிவு செய்தேன்.

மனுவை நிரப்பும் முன் வாக்காளர் பட்டியலை வாங்கிப் பார்த்துவிடுங்கள். முன்மொழிபவர் நீங்கள் நிற்கும் அதே வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும் என்பது விதி. வார்டு மறுவரையறைக்குப் பிறகு எங்கள் தெருவின் ஒரு சாரி ஒரு வார்டிலும் எதிர்ச்சாரி அடுத்த வார்டிலும் விழுந்திருந்தது. எனக்கு முன்மொழிய முதலில் முன்வந்த எதிர்வீட்டு அக்கா இருபது அடி தூரத்தில் குடியிருந்தும் பயன்படவில்லை. பட்டியலைப் பார்க்காமல் போயிருந்தால் பரிசீலனையன்று என் மனு அங்கேயே விழுந்திருக்கும்.

இனி சான்றின் கதை. ஊராட்சிக்குச் செலுத்த வேண்டிய தொகைக்குக் கேட்பு அறிவிப்பு, அதாவது பணத்தைக் கட்டச் சொல்லும் தாள், கொடுத்து, கெடுவும் முடிந்த பிறகு பாக்கி வைத்திருப்பவர் போட்டியிடத் தகுதியற்றவர் என்பதே சட்டம் சொல்வது. நடைமுறையிலோ, அறிவிப்பு வந்ததா இல்லையா என்பதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. பாக்கி இல்லை என்ற சான்று கையில் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். எங்கள் வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் மாமனார் பெயரில் முறையாகக் கட்டப்பட்டு, ரசீதுகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருந்தன. ஆனால் சான்று எழுதித் தர வேண்டியவர் முதலில் பதிவேடு தணிக்கைக்குப் போயிருக்கிறது என்றார். அடுத்து, பதிவேட்டில் ஓராண்டுத் தொகை ஏறவில்லை என்றார். பிறகு தேர்தல் வேலை என்று இருக்கையிலேயே இல்லை. ஒருமுறை நான் ரசீதை நீட்டிக்கொண்டு நிற்க, என்னைத் தாண்டி வாசலைப் பார்த்து, “சார் வரலையாம்மா?” என்று கேட்டார். மனு என்னுடையது என்றேன். “அதுக்கில்லம்மா, அவர்கிட்ட சொன்னா புரியும்” என்றார். வரி ரசீதில் இருப்பதோ மாமனார் பெயர், மனுவில் இருப்பதோ என் பெயர்; இதில் என் கணவருக்குத் தனியாக என்ன புரியும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என்னை எதிர்த்து நின்றவரின் உறவினர் ஒருவர் இந்தச் சான்று எழுதுபவரோடு தினமும் தேநீர் குடிப்பார் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

வழி பிறந்தது எழுத்தால்தான். ரசீதுகளின் நகல்களை இணைத்து, இன்ன தேதியிலிருந்து சான்று கேட்டு வருகிறேன், இதுவரை தரப்படவில்லை என்று வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒரு மனு எழுதி, அதன் நகலில் அலுவலக முத்திரையோடு ஒப்புகை வாங்கினேன். ஒப்புகை இல்லாமல் எந்தத் தாளையும் கொடுத்துவிட்டு வராதீர்கள். அந்த நகலைக் காட்டிய அன்று மாலையே, தணிக்கைக்குப் போயிருந்த பதிவேடு அதே அலமாரியிலிருந்து வெளியே வந்தது.

வழக்கு, சொத்து விவரங்களைச் சொல்லி மனுவோடு தருகிற உறுதிமொழி ஆவணத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. வழக்கு இல்லை, நிலம் இல்லை என்றால் “இல்லை” என்றே எழுத வேண்டும். கோடு போட்டுவிட்டு வருவது ஆபத்து. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் பிரமாணப் பத்திரங்களில் வெற்றிடம் விட்டால் மனுவை நிராகரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. அந்த எச்சரிக்கையை ஊராட்சித் தேர்தலுக்கும் எடுத்துக்கொள்வதே நல்லது. டிசம்பர் 17 பரிசீலனையில், எதிர்பார்த்தபடியே, எனக்கு வரி பாக்கி இருப்பதாக ஆட்சேபம் வந்தது. சான்றையும் ரசீதுகளையும் மேசையில் வைத்தேன்; அலுவலர் படித்துவிட்டு, ஆட்சேபித்தவரிடம் வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை. அலைச்சல் அத்தனைக்கும் அந்த ஒரு பதில் போதுமானதாக இருந்தது.

அடுத்த இரண்டு நாள்கள்தான் உண்மையில் கடினமானவை. 19-ஆம் தேதி வரை மனுவைத் திரும்பப் பெறலாம் என்பதால், கோயில் மண்டபத்தில் பெரியவர்கள் கூடி, ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தால் ஊருக்குப் பெருமை என்று பேசினார்கள். ஊருக்கு நன்கொடை தருபவருக்கே பதவி என்ற பேச்சும் அடிபட்டது. பதவியை ஏலம் விடுவது சட்ட விரோதம் என்று மாநிலத் தேர்தல் ஆணையம் அந்த மாதமே எச்சரித்திருந்தும், நன்கொடை என்று பெயர் மாற்றினால் ஏலம் ஆகாது என்பது அவர்கள் கணக்கு. “உன் நல்லதுக்குத்தான் சொல்றோம் தாயி” என்றவர்களிடம், வாக்குச்சீட்டில் யார் ஜெயித்தாலும் எனக்குச் சம்மதம் என்று மட்டும் சொன்னேன். சமாதானம் பேசுபவர்கள் நீட்டும் எந்தத் தாளிலும் அந்த நாள்களில் கையெழுத்திடாதீர்கள். முன்மொழிந்தவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள், ஏனெனில் வற்புறுத்தல் அவரிடமும் போகும்.

சின்னம், பிரசாரம், வாக்குப்பதிவு எல்லாம் தொல்லையின்றி நடந்தன. வாக்கு எண்ணிக்கைக்குப் போகிறவர்கள் பொறுமையோடு போங்கள்: நான்கு பதவிகளுக்கான சீட்டுகளும் ஒரே பெட்டியில் விழுவதால், முதலில் நிறம் நிறமாகப் பிரித்த பிறகுதான் எண்ணவே தொடங்குவார்கள். நான் சொற்ப வித்தியாசத்தில் வென்றேன்.

வென்றவரும் தோற்றவரும் மறந்துவிடுகிற ஒரு வேலை அதன் பிறகும் உண்டு. முடிவு அறிவித்த 30 நாள்களுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் மூன்று ஆண்டுகள் போட்டியிட முடியாதபடி தகுதி நீக்கம் செய்யப்படலாம். தோற்றவர்கள் ‘எனக்கெதற்கு’ என்று இருந்துவிட்டு அடுத்த தேர்தலில் முழிக்கிறார்கள். துண்டறிக்கை, ஆட்டோ வாடகை, தேநீர் என்று ஒவ்வொன்றுக்கும் அன்றன்றே ரசீது வாங்கி வைத்திருந்ததால் எனக்கு ஒரே அமர்வில் வேலை முடிந்தது. கணக்கைப் பெற்றுக்கொண்டவர் ஒப்புகை பிறகு தருகிறேன் என்றார். இப்போதே தாருங்கள் என்று நின்றேன், கொடுத்துவிட்டார்.