ஆடி மாதத்துச் சர்க்கரைக் குறிப்புகள்

ஜூலை 22, 2024, திங்கள்

முடிவுகள் மாலையில் வந்தன. வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 108. மூன்று மாதச் சர்க்கரையைச் சொல்லும் எச்பிஏ1சி 6.9. முதல் எண்ணின்படி நான் வாசலில்தான் நிற்கிறேன். 100 முதல் 125 வரை முன்நிலை என்றும், 126-ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்றும் அதே தாளில் அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டாவது எண்ணின்படி வாசலைத் தாண்டிவிட்டேன். அதன் எல்லை 6.5. ஒரே காலையில் ஒரே ஊசியில் எடுத்த இரத்தம்! 6.9 என்றால் மூன்று மாதச் சராசரி 151 என்று கீழே ஒரு கணக்கும் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு மிக உயரமாக ஏறி இறங்கினால்தான் அந்தக் கணக்கு நேராகும். அப்படி ஏறுகிறதா என்பதை இதுவரை நான் பார்த்ததே இல்லை.

ஜூலை 23, செவ்வாய்

தம்பி வாங்கிக் கொடுத்த குளுக்கோமீட்டரில் காலை 127.

ஜூலை 24, புதன்

மாலையில் 187 காட்டியது. கை நடுங்கிவிட்டது. பிறகுதான் நினைவு வந்தது: மகனுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு அப்படியே குத்தியிருக்கிறேன். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மற்றக் கையின் மோதிர விரலில் எடுத்தபோது 124. ஸ்ட்ரிப் உறிஞ்சுகிற துளி கடுகளவுகூட இருக்காது. விரலில் ஒட்டியிருந்த பழச்சாறு அதில் கலந்தாலே எண் எங்கேயோ போய்விடுகிறது. தெரியாமல் போயிருந்தால் இன்றிரவு என்ன செய்திருப்பேன் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

ஜூலை 26, வெள்ளி

வேறொரு பரிசோதனை நிலையத்தில் சொல்லி, வீட்டுக்கே வந்து இரத்தம் எடுக்கச் செய்தேன். வெறும் வயிற்றில் 94. முற்றிலும் இயல்பு. அரைமணி நேரம் மனம் லேசாக இருந்தது. அடுப்படியில் நின்று அந்த எண்ணை இரண்டு முறை வாய்விட்டுச் சொன்னேன்.

பிறகு சந்தேகம் வந்தது. அந்தப் பையன் ஆறேகாலுக்கு வந்தான். என்னிடம் எடுத்த பிறகு இன்னும் நான்கு வீடுகளுக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்தான். குழாய்க்குள் போன பிறகும் இரத்த அணுக்கள் சும்மா இருப்பதில்லை. அங்கிருக்கும் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கின்றன. சாதாரண வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். அதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் ஃபுளூரைடு சேர்க்கிறார்கள். அதுவும் முழுமையாக வேலை செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 108 ஆக எடுத்த இரத்தம் பைக்குள்ளேயே 94 ஆகியிருக்கலாம். என் குழாயின் மூடி என்ன நிறம் என்று நான் பார்க்கவில்லை. எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

ஜூலை 27, சனி

அம்மாவும் நல்ல எண்ணைத்தான் நம்பினார். ஒரு தாளில் சரியாக இருந்தது என்று அடுத்த இரண்டு வருடம் பரிசோதனைக்கே போகவில்லை. கட்டை விரலை எடுத்த பிறகு, போர்வைக்கு வெளியே அந்தக் கால் தெரியாதபடி மடக்கிக்கொண்டே படுப்பார்.

ஜூலை 28, ஞாயிறு

தூக்கம் இல்லை. காலை 131.

ஜூலை 29, திங்கள்

டாக்டரம்மா மூன்று தாள்களையும் மேசையில் பரப்பி வைத்துவிட்டு, சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், “மாதவிலக்கு எத்தனை நாள் இருக்கும்மா?” என்று கேட்டார். ஒன்பது நாள், சில மாதம் பத்து என்றேன். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். என் நகங்களை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். நடுவில் குழிந்து, ஓரம் மேலெழும்பி, ஒரு சொட்டு நீர் விட்டால் நிற்கும்போல் இருந்தன. இத்தனை வருடம் இந்தக் கையால்தான் மாவு பிசைந்திருக்கிறேன், பார்த்ததில்லை.

முதல் ரிப்போர்ட்டின் மூன்றாவது பக்கத்தில் ஹீமோகுளோபின் 8.3 என்று இருந்தது. இரத்தசோகை. சர்க்கரையைத் தேடியவள் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

அவர் சொன்னதை மறக்கும் முன் எழுதி வைக்கிறேன். எச்பிஏ1சி என்பது சிவப்பணுக்களில் படிந்த சர்க்கரையின் அளவு. அணு ஒன்று ஏறக்குறைய 120 நாள் வாழும் என்று வைத்துத்தான் அதை மூன்று மாதச் சராசரி என்கிறோம். இரும்புச் சத்துக் குறைந்தால் புதிய அணுக்கள் பிறப்பது குறைந்து, நெடுநாள் சர்க்கரையில் ஊறிய பழைய அணுக்களின் பங்கு கூடுகிறது, எண்ணும் உயர்ந்துவிடுகிறது. “அதனால் 6.9-ஐ மட்டும் வைத்து உங்களுக்குச் சர்க்கரை நோய் என்று நான் எழுத மாட்டேன். இல்லை என்றும் எழுத மாட்டேன்” என்றார். இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் அவரை நம்புகிறேன்.

ஜூலை 31, புதன்

மருத்துவமனையிலேயே 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடித்து, இரண்டு மணி நேரம் நடக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு குழாய்க்கும் சாம்பல் நிற மூடி. நானே பார்த்தேன். எடுத்தவுடன் உள்ளே கொண்டுபோனதையும் பார்த்தேன்.

குடிக்கும் முன் 103. இரண்டு மணி நேரம் கழித்து 166. நோய்க்கு 200 ஆக வேண்டும். இயல்பென்றால் 140-க்குள் இருக்க வேண்டும். மறுபடியும் நடுவில்.

ஃபெரிட்டின் 6. உடலில் இரும்பு இருப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

ஃபிரக்டோசமைன் என்று இன்னொரு பரிசோதனைக்கும் இரத்தம் கொடுத்தேன். அது சிவப்பணுவை நம்பியிருப்பதில்லை. இரத்தப் புரதத்தில் ஒட்டிய சர்க்கரையைக் கொண்டு கடந்த இரண்டு மூன்று வாரத்தைச் சொல்லும். இங்கே செய்வதில்லை, சென்னைக்கு அனுப்புகிறார்கள்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. படைத்த காப்பரிசியில் ஒரு பிடி மட்டும் வாயில் போட்டுக்கொண்டேன். “நீங்க இன்னும் கொஞ்சம் எடுத்துக்கோங்க அண்ணி” என்று நாத்தனார் நீட்டியபோது, வேண்டாம் என்று சொல்லக் காரணம் என்ன வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நோயாளி என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, நலமாக இருக்கிறேன் என்று சொல்லத் துணிவும் இல்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

இரும்பு மாத்திரை தொடங்கி ஐந்தாம் நாள். மலம் கறுத்திருக்கிறது, அது இயல்பு என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மாத்திரைக்கு முன்னும் பின்னும் டீ கூடாது.

இன்று புதிதாக ஒரு கவலை. மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் புதிய அணுக்கள் நிறையப் பிறக்கும். சர்க்கரையில் இன்னும் ஊறாத அணுக்கள். அப்போது எச்பிஏ1சி எடுத்தால் உண்மையைவிடக் குறைத்துக் காட்டுமாம். இப்போது பொய்யாக ஏறி நிற்கிற எண் அப்போது பொய்யாக இறங்கும். அந்த நல்ல எண்ணைக் கண்டு நானும் அம்மாவைப் போல நின்றுவிடுவேனோ? ஹீமோகுளோபின் நிலைத்து மூன்று மாதம் ஆகும்வரை எச்பிஏ1சி வேண்டாம் என்று காலண்டரின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி, இவரிடமும் காட்டி வைத்தேன்.

ஆகஸ்ட் 7, புதன்

இரவு விளக்கைப் போட்டு உள்ளங்கால்களைப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 10, சனி

மருத்துவமனைக்கு மீட்டரையும் எடுத்துச் சென்றேன். அவர்கள் என் கையில் ஊசி போட்டு இரத்தம் எடுத்த அதே நிமிடத்தில் நான் விரலைக் குத்தினேன். அவர்களுக்கு 105, எனக்கு 118. 100-க்கு மேல் 15 சதவீதம் வரை மீட்டருக்கு விலகல் அனுமதி உண்டு; போதாததற்கு, இரத்தம் வெளிறியிருந்தால் மீட்டர் சற்றுக் கூட்டியே காட்டும். அப்படியானால் 127-உம் 131-உம் அவ்வளவு பெரிய எண்கள் இல்லை. நோட்டில் அவற்றின் பக்கத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டிருக்கிறேன், அடிக்கவில்லை.

ஃபிரக்டோசமைன் முடிவு இன்னும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை கேட்கச் சொன்னார்கள்.