வீட்டை எங்கே கட்டுகிறோம், விளக்கை எங்கே வைக்கிறோம்

சன்னலில் 'டொம்' என்று ஒரு சத்தம். ஏதோ பந்து வந்து விழுந்திருக்கிறது என்று நினைத்து வெளியே போய்ப் பார்த்தால், சுவரோரம் ஒரு சின்னக் குருவி வாயைப் பிளந்தபடி கிடக்கிறது. கையில் எடுத்தேன். கனமே இல்லை, உடம்பு மட்டும் சுட்டது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தால், விரிந்த இறக்கையும் தலையும் இறகுத்தூளால் அச்சுக் குத்தினாற்போல அப்படியே பதிந்திருந்தன. அதே கண்ணாடியில் எதிரே இருக்கும் மரம், இலை இலையாகப் பளிச்சென்று தெரிந்தது. பாவம், அது மரத்தில் போய் உட்காரத்தான் வந்திருக்கிறது.

அட்டைப்பெட்டியில் ஒரு துணியைப் போட்டு, காற்றுக்கு ஓட்டை குத்தி, மூடி, சத்தமில்லாத இடத்தில் வைத்தேன். தண்ணீர் புகட்டக் கூடாது, அடிக்கடி திறந்து பார்க்கக் கூடாது, இருட்டில் விட்டுவிட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து வெளியே கொண்டுபோய்த் திறந்ததும் விருட்டென்று பறந்துவிட்டது. மனசு நிம்மதியாகவில்லை. இப்படிப் பறந்துபோகிறவற்றில் பல, உள்காயத்தால் பிறகு செத்துப்போகும் என்று படித்திருக்கிறேன்.

அமெரிக்காவில் மட்டும் கட்டடங்களில் மோதிச் சாகும் பறவைகள் ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி வரை இருக்கலாம் என்று 2014இல் வெளியான ஒரு கணக்கீடு சொல்கிறது. அதில் என்னை உலுக்கிய விஷயம் வேறு. வானுயரக் கட்டடங்களின் பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு, மீதி எல்லாம் சாதாரண வீடுகளும் சில மாடிக் கட்டடங்களும்தான். என் வீட்டைப் போன்ற வீடுகள். கண்ணாடியில் ஒரு கழுகு ஸ்டிக்கர் ஒட்டினால் போதும் என்பார்கள், போதாது. பறவை ஸ்டிக்கரை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கும் வெற்றிடத்தில் நுழையப் பார்க்கும். கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுக்க, 5 சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் புள்ளிகள் வைக்க வேண்டும். சிகாகோவில் ஏரிக்கரையில் இருக்கும் மெக்கார்மிக் பிளேஸ் கட்டடத்தில் 2023 அக்டோபரில் ஒரே இரவில் ஏறக்குறைய 1000 பறவைகள் மோதிச் செத்தன. அடுத்த ஆண்டு அதே கண்ணாடிகளில் புள்ளிப்படலம் ஒட்டினார்கள். அந்த வலசைக் காலத்தில் சாவு சுமார் 95 சதவீதம் குறைந்தது. யாரும் கட்டடத்தை இடிக்கவில்லை, புள்ளிதான் வைத்தார்கள்.

அதே கட்டடத்தில் பல ஆண்டுகளாகச் செத்த பறவைகளைப் பொறுக்கிக் கணக்கெடுத்து வந்தவர்கள் இன்னொன்றையும் கவனித்திருக்கிறார்கள். எத்தனைக்கெத்தனை சன்னல்கள் இருட்டாக இருந்தனவோ, அத்தனைக்கத்தனை சாவும் குறைவு. இரவில் வலசை போகும் பறவையை வெளிச்சம் வழிதப்ப வைக்கிறது. முட்டையிலிருந்து வெளிவந்த கடலாமைக் குஞ்சு கடலுக்குப் பதில் சாலை விளக்கை நோக்கி நகர்வதும் இதனால்தான். விளக்கு வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. அது தரையைப் பார்க்கட்டும், மேலே ஒரு மூடி இருக்கட்டும், நிறம் வெள்ளை நீலமாக இல்லாமல் மஞ்சளாக இருக்கட்டும், ஆள் இல்லாதபோது அணையட்டும், அவ்வளவுதான்.

சரி, இது வீட்டுக்குள் இருக்கும் சங்கதி. என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வீட்டை எங்கே கட்டுகிறோம் என்பது. ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். 100 ஹெக்டேர் காட்டு நிலம், அதில் 20 வீடுகள். ஒவ்வொரு வீட்டையும் சுற்றி 100 மீட்டர் தூரத்துக்கு நாய், பூனை, விளக்கு, சத்தம், குப்பை என்று தொந்தரவு இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். வீடுகளை ஆளுக்கொரு மூலையாகத் தள்ளித் தள்ளிக் கட்டினால் கிட்டத்தட்ட 63 ஹெக்டேர் கெடும். அதே 20 வீடுகளைச் சேர்த்து ஒரு 5 ஹெக்டேரில் கட்டினால், சுற்றுவட்டத்தையும் கூட்டி 17 ஹெக்டேருக்குள் முடிந்துவிடும். வீட்டின் எண்ணிக்கை ஒன்றுதான், ஆள்களும் அதே ஆள்கள்தான். முதல் ஏற்பாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிச்சாலை, தனி மின்கம்பி, தனி வேலி வேறு. இயற்கையோடு ஒட்டி வாழ வேண்டும் என்று ஆசைப்பட்டு, காட்டு நடுவில் தனிவீடு கட்டப் போகிறவர்களிடம் நான் இந்தத் தாளைத்தான் காட்டுகிறேன். அவர்கள் நல்ல மனசோடுதான் போகிறார்கள், அதனால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

காட்டை இரண்டாக வெட்டினால் இரண்டு காடு கிடைத்துவிடாது. பனாமா கால்வாய்க்காக ஆற்றை மறித்தபோது நீர் ஏறி, பாரோ கொலராடோ என்ற குன்று தீவாகிப்போனது. 1923 முதல் அது ஆராய்ச்சிக்கான காப்பிடம். அப்படியிருந்தும் அடுத்த சில பத்தாண்டுகளில் அங்கிருந்த பறவை இனங்கள் பல ஒவ்வொன்றாக மறைந்தன. ஓர் இனம் அங்கே அற்றுப்போனால், தண்ணீரைத் தாண்டி மறுபடி வந்து சேர ஆள் இல்லை. நான்கு வழிச்சாலையும் நிறைய விலங்குகளுக்கு அந்தத் தண்ணீர் மாதிரிதான்.

அதற்கும் வழி இருக்கிறது. கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் நெடுஞ்சாலையின் இருபுறமும் வேலி போட்டு, 6 மேம்பாலங்களும் 38 சுரங்கப்பாதைகளும் விலங்குகளுக்கென்றே கட்டியிருக்கிறார்கள். வாகனத்தில் அடிபடுவது 80 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. எனக்கு ரொம்பப் பிடித்த விவரம் என்னவென்றால், கிரிஸ்லி கரடிக்கு அகலமான, திறந்த பாலம் வேண்டும், மலைச்சிங்கம் எனப்படும் பூமாவுக்கோ குறுகலான இருட்டுப் பாதைதான் பிடிக்கும். பழகுவதற்கு அவற்றுக்கு ஆண்டுக்கணக்கில் ஆனது. பாலம் கட்டிய ஆறாம் மாதம் "ஒன்றும் வரவில்லையே" என்று கைவிட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நம் நாட்டில் பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஊடறுக்கும் தேசிய நெடுஞ்சாலை 44இல், சாலையையே தூக்கிக் கட்டிக் கீழே வழி விட்டார்கள். அதன் அடியில் புலி நடந்துபோவது கேமராவில் பதிவாகியிருக்கிறது.

அப்புறம் சாப்பாடு. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனிதர் வாழத்தக்க நிலத்தில் ஏறக்குறைய பாதி விவசாயத்துக்குப் போய்விட்டது, அதில் பெரும்பங்கு கால்நடைக்கும் தீவனத்துக்கும். விளைவதில் மூன்றில் ஒரு பங்கு வீணாகிறது என்று உலக உணவு, வேளாண் அமைப்பு 2011இல் கணக்கிட்டது. தட்டில் மிச்சம் வைத்தால் அது எங்கோ ஒரு காட்டின் ஓரம்தான். இறைச்சியைக் குறைப்பதும் வீணாக்காமல் இருப்பதும் துணிப்பை தூக்குவதைவிடக் காட்டுயிருக்குப் பெரிய உதவி என்றுதான் நான் நினைக்கிறேன்.

2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட பல்லுயிர் ஒப்பந்தத்தில் 30 சதவீத நிலமும் கடலும் காப்பது என்ற மூன்றாம் இலக்கைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். முதல் இலக்கே நிலத்தைத் திட்டமிட்டுப் பயன்படுத்துவது பற்றியது, அதைப் பேச ஆளில்லை. உங்கள் பகுதிக்கு நிலப்பயன்பாட்டு வரைபடம் கருத்துக்கேட்புக்கு வந்தால் தயவுசெய்து போய்ப் பாருங்கள். ஓடைக்கரை எங்கே, அது எதை எதோடு இணைக்கிறது, அதன் குறுக்கே என்ன வருகிறது என்று கேளுங்கள். கோடு போடும் கட்டத்தில் ஒரு சாலையைக் கொஞ்சம் தள்ளிவைப்பது எளிது, கட்டி முடித்தபின் பாலம் கேட்டு அலைவது பெரும்பாடு.

எங்கள் வீட்டில் அந்தச் சன்னல் முழுக்க இப்போது வெள்ளைப் புள்ளிகள். இரண்டு நாளில் கண்ணுக்குப் பழகிவிட்டது. மாடிப்படிச் சன்னல் பாக்கி இருக்கிறது. அதற்கு வெளியே 10 சென்டிமீட்டர் இடைவெளியில் கயிறுகள் தொங்கவிடப் போகிறேன், கயிறு வாங்கி நறுக்கி வைத்தாயிற்று, ஏணிதான் வர வேண்டும்.