வெள்ளவத்தைப் பாரந்தூக்கிகள்

உயர்தரத்தில இணைந்த கணிதம் படிக்கிற பிள்ளையள், வெள்ளவத்தையில மாடி எழும்புற இடத்துப் பாரந்தூக்கியளை ஒருக்கா நிண்டு பாருங்கோ. 1000 கிலோகிராம் என்பது திணிவு. அதின்ர நிறை, அதாவது பூமி அதை இழுக்கிற விசை, 9810 நியூட்டன். மாறிப் போட்டால் விடை கிட்டத்தட்டப் பத்து மடங்கு பிழைக்கும்.

அந்தச் சுமை கோபுரத்தில இருந்து 40 மீற்றர் தள்ளித் தொங்கினால் திருப்பம், அதாவது கோபுரத்தைச் சரிக்கப் பாக்கிற விசை தர தூரம், 392.4 கிலோநியூட்டன் மீற்றர். உள்ளே 20 மீற்றர் தூரத்துக்குக் கொண்டுவந்தால் திருப்பம் பாதி, நிறை அதேதான்! எனக்கு இது எப்பவும் அழகு. பின்பக்கக் கொங்கிறீற்றுக் கட்டியள் எதிர்த்திருப்பம் தருது, மிச்சத்தைக் கோபுரமும் அத்திவாரமும் தாங்கும். விசையளின்ர கூட்டுத்தொகை பூச்சியமானால் மட்டும் சமநிலை வராது, திருப்பங்களும் பூச்சியமாக வேணும். கனபேர் விடுற இடம் இதுதான்.

அலகையும் விடாதேங்கோ. நாசா செவ்வாய்க்கு அனுப்பின விண்கலம் ஒண்டு, இறாத்தல் விசையும் நியூட்டனும் கலந்ததாலதான் 1999இல அழிஞ்சது.