மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு: நீற்றுவதிலிருந்து அடுத்த பொங்கல் வரை

கத்திரி வெயில் காலத்தில் மேல்மாடி வீடுகளில் இரவு 10 மணிக்கும் மின்விசிறி அனலைத்தான் இறக்கும். பகலெல்லாம் வாங்கிய சூட்டைக் கான்கிரீட் தளம் பொழுது சாய்ந்த பிறகும் உள்ளே விட்டுக்கொண்டே இருக்கிறது. உடம்பின் உட்சூடு கொஞ்சம் இறங்கினால்தான் தூக்கம் பிடிக்கும். ஏசியை இன்னும் குறைத்து வைப்பதற்கு முன் செய்து பார்க்க வேண்டியது தளத்துக்கு வெள்ளையடிப்பது.

500 சதுர அடிக்கு, மூன்று பூச்சுக்கு: சுட்ட சுண்ணாம்புக் கல் 15 கிலோ, வெள்ளை சிமெண்ட் 3 கிலோ, பூச்சைப் பிடித்து நிறுத்தும் பசையான அக்ரிலிக் பைண்டர் 1 கிலோ. பைண்டருக்குப் பதில் மரவேலைப் பசை போதும் என்பார்கள். அந்தப் பசை தண்ணீர் தேங்கினால் இளகிவிடும். வடகிழக்குப் பருவமழையில் பூச்சு ஏடு ஏடாக உரியும்.

கல்லைத் தண்ணீரில் போட்டுக் கொதித்துக் கரைய விடுவதுதான் நீற்றுவது. அதற்கு இரும்பு டிரம் வேண்டும். கொதிக்கிற சூட்டில் பிளாஸ்டிக் வாளி நெளிந்துபோகும். முதலில் தண்ணீர், பிறகு கல்லைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். கல்லின் மேல் தண்ணீரைக் கொட்டினால் சுண்ணாம்பு சீறித் தெறிக்கும். கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். கண்ணில் பட்டால் உடனே கால் மணி நேரத்துக்குக் குறையாமல் சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். ஓர் இரவு ஊறியதும் நைலான் துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைக்கலாம். வெள்ளை சிமெண்டை மொத்தக் கலவையில் கொட்டக் கூடாது, இறுகிவிடும். அந்தந்த வாளிக்கு, அடிப்பதற்குச் சற்று முன் கலந்தால் போதும்.

தளத்தில் பாசி இருந்தால் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். விரிசல்களை முன்பே அடைத்துவிட வேண்டும். சுண்ணாம்பு ஒழுகலுக்கு மருந்தல்ல.

பூச்சு கெடுவது பெரும்பாலும் அடிக்கிற நேரத்தால். உச்சிவெயிலில் காய்ந்த தளத்தில் அடித்தால் ஈரம் உடனே போய்விடுகிறது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் கல்லாக இறுகும். அதற்கு ஈரம் தேவை. ஈரம் போனால் வெறும் மாவாக நின்றுவிடும், நடந்தால் காலெல்லாம் வெள்ளை. ஆகவே மாலையில் தளத்தை நனைத்து, தேங்கிய நீர் வடிந்ததும் மெல்லிய பூச்சாக அடிக்க வேண்டும். அடுத்த பூச்சு மறுநாள். முடிந்தபின் மூன்று நாள் மாலையில் லேசாகத் தண்ணீர் தெளிக்கலாம். கெட்டியாக ஒரே பூச்சில் முடிக்கப் பார்த்தால் வெடித்து உதிரும்.

பலனைக் கையால் தொட்டு முடிவு செய்ய வேண்டாம். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் இரவு 9 மணிக்கு உட்கூரையின் ஒரே இடத்தை, அடிப்பதற்கு முன்னும் பின்னும் பாருங்கள். உட்கூரையில் இறங்குகிற அளவு அறைக்காற்றில் இறங்காது. காற்றில் 2 டிகிரி குறைந்தாலே நல்ல பலன். ஏசியை 24-லிருந்து 27-க்கு ஏற்றி மின்விசிறியுடன் தூங்க முடிந்தால், மின் கணக்கிலும் அது தெரியும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் புழுக்கத்தை இது ஒன்றும் செய்யாது. இரவில் ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விட்டே ஆக வேண்டும். கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது.

சில தொல்லைகளும் உண்டு. வெள்ளைத் தளத்தின் கண்கூசும் வெளிச்சம் பக்கத்து மாடி ஜன்னலில் அடிக்கும். வடகம் காயவைக்கத் துணியோடு அடியில் பாயும் வேண்டும். மழைநீர் தொட்டிக்குப் போகிற குழாயை முதல் சில மழைக்கு வெளியே திருப்பிவிட வேண்டும், சுண்ணாம்புக் கசிவு தண்ணீரில் சேரும்.

மழைக்காலம் முடியும்போது பாசியும் புழுதியும் படிந்து வெண்மை மங்கியிருக்கும். பொங்கல் கழிந்ததும் தேய்த்துக் கழுவி, ஒரே ஒரு பூச்சு போதும். மேற்குச் சுவருக்கும் அடிக்கலாம் என்றாலும் அங்கே கொடி ஏற்றிய பந்தலோ மூங்கில் தட்டியோ மேல். அது வெயிலைச் சுவரில் விழவே விடாது.